எழுதியாயிற்று என்று எப்போது நம்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை, வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்துப் பராமரிக்கும் கோப்பு முறைமைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணினி வேகமாக இயங்க வேண்டும், எழுதியது அழியாமலும் இருக்க வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களுக்கும் இடையில் கோப்பு முறைமையை வடிவமைப்பவர்கள் எங்கே கோடு போடுகிறார்கள் என்பதைத்தான் எல்லாக் கடிதங்களும் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன.

கேள்வி: பல மணி நேரம் தட்டச்சு செய்த கட்டுரையைச் சேமித்தேன்; சேமித்துவிட்டதாகத் திரையிலும் காட்டியது. பத்துப் பதினைந்து நொடிகளில் மின்சாரம் நின்றுவிட்டது. மீண்டும் இயக்கிப் பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு 0 பைட். புதிதாகச் சேர்த்த பத்திகள் போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று வரை இருந்த பழைய பிரதியும் எப்படிக் காணாமற் போனது? (ஓர் ஆய்வு மாணவி)

பதில்: உங்கள் கடைசி வரிதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன்.

ஒரு செயலி கோப்பில் எழுதும்போது அது நேராக வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளம் அதை நினைவகத்தில் ‘பேஜ் கேஷ்’ எனப்படும் இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று செயலிக்கு உடனே சொல்லிவிடுகிறது. செயலியும் அதை நம்பி உங்களிடம் ‘சேமிக்கப்பட்டது’ என்கிறது. லினக்ஸில் நாமாக எதையும் மாற்றாத நிலையில், பின்னணியில் இயங்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பணியொன்று 5 நொடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, நினைவகத்தில் 30 நொடிகளுக்கு மேல் தங்கிவிட்ட ‘பக்கங்களை’ (தரவுத் துண்டுகளை) வட்டுக்கு அனுப்புகிறது. இந்த 30 நொடி வழக்கம் புதியதன்று; பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்தே வருவது. ஆக, சேமித்த பிறகு அரை நிமிடம் வரை உங்கள் எழுத்து மின்சாரத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

பழைய பிரதி போனதற்குக் காரணம் வேறு. உங்கள் செயலி பழைய கோப்பையே திறந்து, அதன் நீளத்தை முதலில் 0 ஆக்கிவிட்டு, அதன் மேல் புதிய உள்ளடக்கத்தை எழுதியிருக்க வேண்டும். நீளத்தை 0 ஆக்குவது மெட்டாடேட்டா மாற்றம், அதாவது கோப்பைப் பற்றிய தகவலில் நிகழும் மாற்றம். புதிய எழுத்து என்பது உள்ளடக்க மாற்றம். இவ்விரண்டும் வட்டுக்குப் போகும் வழிகளும் வேறு, நேரங்களும் வேறு. மெட்டாடேட்டா மாற்றம் 5 நொடிக்குள் வட்டில் ஏறிவிட, உள்ளடக்கம் நினைவகத்திலேயே காத்திருக்கும் இடைவெளியில் மின்சாரம் நின்றால், கோப்பு காலியாகிவிட்டது என்ற செய்தி மட்டும் வட்டில் நிலைத்துவிடும். நீங்கள் கண்டது அதைத்தான்.

2009-இன் தொடக்கத்தில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தபோது உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) பயனர்கள் பலர் இதே குறையைத் தெரிவித்தார்கள். அதற்கு முந்தைய எக்ஸ்ட்3-இல் இது அரிதாகவே நிகழ்ந்தது. ஏனென்றால் எக்ஸ்ட்3 எழுதும்போதே வட்டில் இடம் ஒதுக்கி, மெட்டாடேட்டாவைப் பதிவு செய்யும் முன் அந்த உள்ளடக்கத்தை வட்டுக்குத் தள்ளிவிடும். எக்ஸ்ட்4 ‘தாமத ஒதுக்கீடு’ என்ற உத்தியைக் கையாண்டது. கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று தெரியும் வரை இடம் ஒதுக்காமல் பொறுத்திருந்தால் ஒரே தொடர்ச்சியான இடமாகக் கொடுக்கலாம். எழுதியவுடன் நீக்கப்படும் தற்காலிகக் கோப்புகளுக்கு இடமே ஒதுக்க வேண்டியதில்லை. வேகத்துக்கு மிகச் சிறந்த உத்தி இது. ஆனால் 5 நொடியாக இருந்த அபாய இடைவெளி இதனால் அரை நிமிடத்துக்கும் கூடுதலாக நீண்டுவிட்டது.

எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் சோ, எழுத்து வட்டை அடைந்ததை உறுதி செய்ய விரும்பும் செயலி ‘எஃப்சிங்க்’ என்ற அழைப்பைச் செய்ய வேண்டும் என்பதே பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) விதி என்றும், அதைச் செய்யாத செயலிகளின் பிழையே இது என்றும் விளக்கினார். விதிப்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. இருந்தும் 2.6.30 கெர்னலில் அவரே ஒரு திருத்தம் சேர்த்தார். நீளத்தை 0 ஆக்கித் திரும்ப எழுதப்பட்ட கோப்பை மூடும்போதும், பழைய கோப்பின் மேல் புதிய கோப்பைப் பெயர் மாற்றி வைக்கும்போதும், காத்திருக்கும் உள்ளடக்கத்துக்கு உடனே இடம் ஒதுக்கி அனுப்பிவிடும்படி அது அமைந்தது. விதியின் சொற்களைக் காட்டிலும் பயனரின் நியாயமான எதிர்பார்ப்புக்கு மதிப்பளித்த அந்த முடிவை நான் மனமாரப் போற்றுகிறேன். கடைசிச் சில நொடி வேலையை இழப்பது ஒரு வகை. ஏற்கெனவே பத்திரமாக இருந்ததை, அதைப் புதுப்பிக்க முயன்ற ஒரே காரணத்தால் இழப்பது வேறு வகை. முதலாவதை வேகத்துக்கான விலையாக ஏற்கலாம். இரண்டாவதை எந்த வேகத்துக்காகவும் ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகளிலும் இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஒவ்வொன்றையும் உடனுக்குடன் வட்டில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? எஸ்எஸ்டி வந்த பிறகும் ஏன் தயங்குகிறார்கள்? (பொறியியல் கல்லூரி மாணவர்)

பதில்: ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் வன்தட்டு நொடிக்கு 120 சுற்றுச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. ஒரு பதிவை எழுதி, அது வட்டில் ஏறியதை உறுதி செய்துகொண்டு, அதற்கு அடுத்த பதிவை எழுத முனைந்தால், அதற்குரிய இடம் எழுதுமுனையின் கீழிருந்து நகர்ந்துவிட்டிருக்கும். மறு சுற்று வரும் வரை காத்திருக்க வேண்டும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக உறுதி செய்துகொண்டு எழுதினால் நொடிக்கு ஏறத்தாழ 120 பதிவுகளுக்கு மேல் போகாது. ஒவ்வொரு பதிவும் 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 480 கிலோபைட். அதே வட்டு, தொடர்ச்சியாக எழுத விட்டால் நொடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். இருநூறு மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு முழுவதும் காத்திருப்பிலிருந்து வருகிறது. எழுத்துகளைச் சேர்த்து வைத்து, வரிசைப்படுத்தி, ஒன்றாக அனுப்புவதன் மூலம் இந்தக் காத்திருப்பைத்தான் கோப்பு முறைமை மிச்சப்படுத்துகிறது.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை என்றாலும் வேறொரு கட்டுப்பாடு உண்டு. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பக்கத்தின் மேல் திரும்ப எழுத முடியாது; பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியை அழித்த பிறகே அங்கே மீண்டும் எழுத முடியும். சிறு சிறு எழுத்துகளை உடனுக்குடன் நிலைப்படுத்தச் சொன்னால், பாதி நிரம்பிய பக்கங்களையும், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் உள் அட்டவணையையும் அது அடிக்கடி எழுத வேண்டியிருக்கும். வேகம் குறைவதோடு கருவியின் ஆயுளும் தேயும். ஆகவே, சேர்த்து எழுதுவதன் ஆதாயம் எஸ்எஸ்டியில் குறைந்திருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை.

கேள்வி: ஜர்னல் உள்ள கோப்பு முறைமை என்றால் தரவு பத்திரமாக இருக்கும் என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் முதல் கேள்வியில் உள்ளது போன்ற இழப்பு எப்படி நேர்கிறது? (கணினி அறிவியல் மாணவி)

பதில்: பாடம் சொன்னது பாதி உண்மை. ஜர்னல் முதன்மையாகக் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான். அந்தக் கட்டமைப்புக்குள் நீங்கள் வைத்த உள்ளடக்கம் அதன் முதல் பொறுப்பு அன்று.

ஒரு புதுக் கோப்பை உருவாக்க வேண்டுமானால் அடைவில் (ஃபோல்டரில்) அதன் பெயர், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு, எந்த இடங்கள் காலி என்று காட்டும் வரைபடம் எனப் பல இடங்களில் மாற்றம் செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் இவை ஒன்றுக்கொன்று முரண்படும். 1980-களில் பெர்க்லியில் உருவான எஃப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இதற்கு அஞ்சி, கோப்பை உருவாக்குவது, நீக்குவது போன்ற மாற்றங்களை உடனுக்குடன், குறிப்பிட்ட வரிசையில் வட்டில் எழுதியது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கும் வேலைகளில் அது வேகத்தை வெகுவாகக் குறைத்தது. லினக்ஸின் எக்ஸ்ட்2 அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டு வேகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பதிலாக, கணினி எதிர்பாராமல் நின்ற ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் சோதிக்க வேண்டியிருந்தது. வட்டுகள் பெரிதாகப் பெரிதாக அந்தச் சோதனை மணிக்கணக்கில் நீண்டது.

தரவுத்தளங்களில் ஏற்கெனவே பழகியிருந்த ஒரு யோசனை இந்த இரண்டு துன்பங்களுக்கும் மருந்தாக வந்தது. செய்யப்போகும் மாற்றங்களை எல்லாம் முதலில் ‘ஜர்னல்’ எனப்படும் ஒரு தனி இடத்தில் தொடர்ச்சியாகக் குறித்து, இவ்வளவும் முழுமையாகக் குறிக்கப்பட்டன என்று ஒரு முடிவு முத்திரையும் இட்டு, அதன் பிறகே உரிய இடங்களில் எழுதுவது. மின்சாரம் நின்று திரும்பினால், முத்திரை உள்ள குறிப்புகளை மீண்டும் நிறைவேற்றினால் போதும். முத்திரை இல்லாதவற்றை நடக்காதவையாகக் கொள்ளலாம். மணிக்கணக்கான சோதனை சில நொடிகளாகச் சுருங்கியது. 1990-களின் தொடக்கத்தில் வந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸில் உள்ளது), எக்ஸ்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளிலும், 2001-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3-இலும் இருப்பது இதுதான்.

ஆனால் உள்ளடக்கத்தையும் இப்படி இரண்டு முறை எழுதினால் எழுதும் வேலை இரட்டிப்பாகும். ஆகவே என்டிஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் மெட்டாடேட்டாவை மட்டுமே ஜர்னலில் குறிக்கின்றன. எக்ஸ்ட் குடும்பம் மூன்று நிலைகளை வைத்துப் பயனரிடமே தேர்வை விட்டிருக்கிறது. ‘ஜர்னல்’ நிலையில் உள்ளடக்கமும் குறிக்கப்படும். ‘ஆர்டர்டு’ நிலையில் உள்ளடக்கம் குறிக்கப்படாது. ஆனால் மெட்டாடேட்டாவுக்கு முத்திரை இடும் முன் அதற்குரிய உள்ளடக்கம் தன் இடத்தைச் சேர்ந்துவிட வேண்டும். தாமத ஒதுக்கீட்டால் இன்னும் இடமே பெறாத உள்ளடக்கத்தை இந்த ஒழுங்கு கட்டுப்படுத்தாது; முதல் கேள்வியில் உள்ளது போன்ற இழப்பு அந்த இடைவெளியில்தான் நேர்கிறது. ‘ரைட்பேக்’ நிலையில் அந்த ஒழுங்கும் இல்லை. கடைசி நிலையின் அபாயம் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளடக்கம் வந்து சேரும் முன்பே ‘இந்த இடம் இந்தக் கோப்புக்கு’ என்ற பதிவு நிலைத்துவிட்டால், மின்சாரம் திரும்பிய பிறகு அந்தக் கோப்பில், முன்பு அதே இடத்தில் இருந்து நீக்கப்பட்ட வேறொருவரின் கோப்பின் துண்டுகள் தெரியக்கூடும். தரவுப் பாதுகாப்பு அங்கே இரகசியப் பாதுகாப்பாகவும் ஆகிவிடுகிறது. ‘ஆர்டர்டு’ நிலையை இயல்பாக வைத்திருப்பது நல்ல நடுவழி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நான் எழுதும் நிரலில் ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் எஃப்சிங்க் அழைக்கிறேன். நிரல் ஆமை வேகத்தில் ஓடுகிறது. அவை அனைத்தையும் எடுத்துவிடும்படி மூத்த நிரலர் சொல்கிறார். யார் சொல்வது சரி? (இளம் மென்பொருள் நிரலர்)

பதில்: நீங்கள் இருவரும் ஒரே தவற்றின் இரண்டு முனைகளில் நிற்கிறீர்கள். எஃப்சிங்க் எங்கே வேண்டும் என்று கேட்பதற்கு முன், உங்களுக்கு வேண்டியது நிலைப்பாடா, வரிசை ஒழுங்கா என்று பிரித்துப் பாருங்கள்.

நிலைப்பாடு என்றால், இந்தக் கணத்துக்குப் பிறகு மின்சாரம் நின்றாலும் இந்தப் பதிவு இருக்க வேண்டும் என்பது. வரிசை ஒழுங்கு என்றால், பின்னால் எழுதியது வட்டில் இருந்தால் முன்னால் எழுதியதும் இருந்தே ஆக வேண்டும் என்பது. பெரும்பாலான செயலிகளுக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் நடைமுறையில் உள்ள கோப்பு முறைமைகள் வரிசை ஒழுங்கை மட்டும் தனியே கேட்டுப் பெறுவதற்கு எளிய வழி எதையும் தரவில்லை. நிலைப்பாட்டையும் சேர்த்து வாங்கித்தான் ஒழுங்கைப் பெற வேண்டியிருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆப்ட்எஃப்எஸ் என்ற ஆய்வு வடிவம் இவ்விரண்டையும் தனித்தனி அழைப்புகளாகப் பிரித்துக் காட்டியது. அந்த வழி பொதுப் பயன்பாட்டுக்கு வராமற்போனது வருத்தத்துக்குரியது. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான சண்டையில் பெரும்பகுதி, இவ்விரண்டையும் ஒரே அழைப்புக்குள் கட்டி வைத்ததால் வந்தது என்பது என் எண்ணம்.

இதன் விளைவை 2008-இல் உலகமே பார்த்தது. ஃபயர்ஃபாக்ஸ் 3 தன் வரலாற்றுப் பதிவுகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்து, பக்கம் மாறும்போதெல்லாம் எஃப்சிங்க் அழைத்தது. எக்ஸ்ட்3-இன் ‘ஆர்டர்டு’ நிலையிலோ ஒரு சிறிய கோப்பை எஃப்சிங்க் செய்தால், அதே ஜர்னல் பதிவில் சேர்ந்திருந்த மற்றக் கோப்புகளின் உள்ளடக்கமும் வட்டில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். பின்னணியில் பெரிய கோப்பு ஒன்று நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தால் உலாவி பல நொடிகள் உறைந்து நின்றது. அந்த அனுபவத்தால் எஃப்சிங்க் என்றாலே ஒதுங்கும் பழக்கம் நிரலர்களிடம் வேரூன்றியது. அடுத்த ஆண்டு எக்ஸ்ட்4-இல் காலிக் கோப்புகள் தோன்றியபோது அந்தப் பழக்கத்துக்குரிய விலையைப் பயனர்கள் கொடுத்தார்கள்.

உங்கள் நிரலுக்கு வருகிறேன். அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு போன்ற ஒன்றை முழுதாக மாற்றி எழுதுவதாக இருந்தால், புதிய உள்ளடக்கத்தை அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதை எஃப்சிங்க் செய்து, பிறகு பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். ரீநேம் பிளவுபடாத செயல். பார்ப்பவருக்குப் பழைய கோப்பு முழுதாகத் தெரியும், அல்லது புதிய கோப்பு முழுதாகத் தெரியும். பெயர் மாற்றமும் உடனே நிலைக்க வேண்டுமென்றால் அடைவையும் ஒருமுறை எஃப்சிங்க் செய்ய வேண்டும். ஒரு சேமிப்புக்கு இத்தனை அழைப்புகள் மிகுதியாகத் தோன்றலாம். பயனர் ஒரு பொத்தானை அழுத்தும் வேகத்துக்கு முன் இவை ஒரு பொருட்டே அல்ல.

தொடர்ச்சியாகப் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் நிரல் என்றால் வழி வேறு. பதிவுகளைக் கூட்டாக நிலைப்படுத்துங்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பதிவு அனுப்பினால், ஐம்பதையும் எழுதி, ஒரே ஒரு எஃப்சிங்க் செய்து, அது முடிந்த பிறகு ஐம்பது பேருக்கும் ‘ஆயிற்று’ என்று விடை சொல்லலாம். யாருக்கும் பொய் சொல்லவில்லை; செலவோ ஐம்பதில் ஒரு பங்கு. தரவுத்தளங்கள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் வேகத்தைப் பெறுகின்றன. மாற்றம் பெற்ற நேரம் போன்ற சில்லறைத் தகவல்கள் உடனே ஏறத் தேவையில்லை என்றால் ‘எஃப்டேட்டாசிங்க்’ அழைப்பு இன்னும் சிக்கனமானது.

எஸ்கியூலைட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்த, மாற்றங்களை முதலில் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதும் ‘வால்’ முறையைப் பாருங்கள். அதில் ‘சிங்க்ரனஸ்’ அமைப்பை ‘நார்மல்’ என வைத்தால், மின்சாரம் நின்றபோது கடைசிச் சில பரிவர்த்தனைகள் இழக்கப்படலாம். ஆனால் தரவுத்தளம் சிதையாது. முதல் விடையில் நான் பிரித்துக் காட்டிய இரண்டு வகை இழப்புகளுக்கும் இடையே துல்லியமாகக் கோடு போட்ட அமைப்பு அது. ‘ஃபுல்’ என வைத்தால் இழப்பும் இல்லை, வேகம் குறையும். ‘ஆஃப்’ என வைத்தால் தரவுத்தளமே குலையலாம்; திரும்ப உருவாக்கிக்கொள்ள முடிகிற தரவைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பிவிட்டால் தரவு வட்டில் இருக்கிறது என்று சத்தியம் செய்யலாமா? (தரவுத்தள நிர்வாகி)

பதில்: கீழே உள்ள எல்லா அடுக்குகளும் நேர்மையாக நடந்துகொண்டால் செய்யலாம்.

வட்டுகளுக்குள்ளேயே சொந்தமாக ஒரு கேஷ் நினைவகம் உண்டு. மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போகும். கோப்பு முறைமை எஃப்சிங்கின்போது ‘உன் கேஷைக் காலி செய்’ என்ற ஃபிளஷ் கட்டளையை வட்டுக்கு அனுப்பினால்தான் தரவு உண்மையில் நிலைக்கும். எக்ஸ்ட்4 இயல்பாகவே அனுப்புகிறது. எக்ஸ்ட்3 நீண்ட காலம் இயல்பாக அனுப்பாமல் இருந்தது. மேக் இயங்குதளத்தில் எஃப்சிங்க் தரவை வட்டிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடுகிறது. வட்டின் கேஷும் காலியாக வேண்டுமென்றால் ‘எஃப்_ஃபுல்எஃப்சிங்க்’ என்ற தனி அழைப்பு வேண்டும் என்று ஆப்பிளின் கையேடே சொல்கிறது. சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகள் பலவற்றில் மின்சாரம் நின்றாலும் கேஷில் உள்ளதை எழுதி முடிக்கும் அளவுக்கு ஆற்றலைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகள் உண்டு. அத்தகைய எஸ்எஸ்டி ஃபிளஷ் கட்டளைக்கு ஏறக்குறைய உடனடியாக விடை சொல்ல முடிவதால், எஃப்சிங்க் மிகுந்த பணிகளில் பாதுகாப்பும் வேகமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பணம் செலவழிக்க வாய்ப்பிருந்தால் இதில்தான் முதலில் செலவழிக்கச் சொல்வேன்.

எஃப்சிங்க் தோல்வியடைந்தால் என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. 2018-இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்கள் ஓர் உண்மையை எதிர்கொண்டு அதிர்ந்தார்கள். லினக்ஸில் ஒரு பக்கத்தை எழுத முடியாமல் போனால், கெர்னல் பிழையை ஒருமுறை தெரிவித்துவிட்டு, அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததாகக் குறித்துக்கொள்ளக்கூடும். செயலி இரண்டாவது முறை எஃப்சிங்க் அழைத்தால் எழுத ஒன்றுமில்லை என்பதால் ‘வெற்றி’ என்று விடை வரும். தரவோ வட்டில் இருக்காது. அதுவரை தோல்வி வந்தால் மறுபடியும் முயலும்படி எழுதப்பட்டிருந்த போஸ்ட்கிரெஸ், 2019 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றப்பட்டது. உங்கள் நிரலிலும் எஃப்சிங்க் தோல்வியைத் திரும்ப முயன்று சரிசெய்யலாம் என்று எண்ணாதீர்கள்.

கேள்வி: பென்டிரைவை ‘பாதுகாப்பாக அகற்று’ என்று சொல்லாமலே பிடுங்கிவிடலாம் என்கிறார்களே? (பள்ளி ஆசிரியர்)

பதில்: விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளிக் கருவிகளுக்கு ‘விரைவு நீக்கம்’ என்ற கொள்கை இயல்பாக்கப்பட்டது. அதில் எழுத்துகள் நினைவகத்தில் தேங்காமல் கருவிக்குப் போய்விடுவதால், நகலெடுப்பது முடிந்து சற்றுப் பொறுத்து எடுத்தால் பெரும்பாலும் கேடு வராது. லினக்ஸில் இந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே நகலெடுப்பு முடிந்ததாகக் காட்டிய பிறகும் பல நூறு மெகாபைட் நினைவகத்தில் நிற்கலாம். எந்தக் கணினியானாலும் அகற்றும் கட்டளையைக் கொடுத்தபின் எடுப்பதே என் பழக்கம்.

கேள்வி: இசட்எஃப்எஸ் போன்ற புதிய கோப்பு முறைமைகள் பழையதை அழித்து எழுதுவதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் வேகம் குறைய வேண்டுமே? எங்கள் சர்வரில் ‘சிங்க்’ அமைப்பை முடக்கியதும் வேகம் பல மடங்கு கூடியது, அப்படியே விட்டுவிடலாமா? (சர்வர் நிர்வாகி)

பதில்: முதல் பகுதி உண்மை. 2005-இல் சோலாரிஸில் சேர்க்கப்பட்ட இசட்எஃப்எஸ், மாற்றப்பட்ட தரவை எப்போதும் புதிய இடத்தில் எழுதுகிறது. பிறகு அதைச் சுட்டும் பதிவையும், அந்தப் பதிவைச் சுட்டும் பதிவையும் அவ்வாறே புதிய இடங்களில் எழுதிக்கொண்டு வேர் வரை போகிறது. கடைசியாக வேர்ப் பதிவு மாறும் கணத்தில்தான் புதிய நிலை நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் எந்தக் கணத்தில் மின்சாரம் நின்றாலும் பழைய நிலை முழுதாக இருக்கும். பத்திரமாக இருந்ததைத் தொடவே கூடாது என்ற கொள்கையை இதைவிட நேராகச் செயலாக்க முடியாது.

இதனோடு, ஒவ்வொரு பதிவும் தான் சுட்டும் தொகுதியின் செக்சம்மையும் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணையும்) தன்னிடம் வைத்திருக்கிறது. வட்டு பிழையில்லை என்று சொல்லிக்கொண்டே தவறான தரவைத் திருப்பித் தந்தால், அதைக் கண்டுபிடித்து, மறுபிரதி இருந்தால் அதிலிருந்து சரிசெய்துகொள்கிறது. இன்றைய சிபியுக்களின் (கணினியின் மையச் செயலகங்களின்) வேகத்தில் செக்சம் கணக்கிடுவது மிகச் சிறிய செலவு. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் மெட்டாடேட்டாவுக்கு மட்டும் செக்சம் வைத்து, பயனர் தரவுக்கு வைக்காமல் விட்டதை நான் குறையாகவே கருதுகிறேன்.

வேகத்துக்கான விலை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய கோப்பின் நடுவே சிறு சிறு மாற்றங்களை இடைவிடாமல் செய்யும் தரவுத்தளங்களும் மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளும் நாளடைவில் துண்டு துண்டாகச் சிதறும். லினக்ஸில் இதே வழியைப் பின்பற்றும் பிடிஆர்எஃப்எஸ் இத்தகைய கோப்புகளுக்கு இந்த முறையை நிறுத்திவைக்க வழி தருகிறது. ஆனால் நிறுத்தினால் அந்தக் கோப்புகளுக்கான செக்சம்மும் சேர்ந்தே போய்விடுகிறது.

இரண்டாவது பகுதிக்கு என் விடை, வேண்டாம் என்பதே. இசட்எஃப்எஸ் மாற்றங்களைச் சேர்த்து வைத்து இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுகிறது. எஃப்சிங்க் கேட்கும் எழுத்துகளை மட்டும் அதுவரை காத்திராமல் ஒரு தனிப் பதிவேட்டில் உடனே குறித்துக்கொள்கிறது. நீங்கள் முடக்கியது அந்தப் பதிவேட்டைத்தான். முடக்கினாலும் கோப்பு முறைமை சிதையாது என்பது உண்மை. ஆகவேதான் பலரும் இதைத் தீங்கற்றது என்று கருதிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் தரவுத்தளம் ‘பணம் சேர்ந்துவிட்டது’ என்று வெளியுலகுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்ட கடைசிச் சில நொடிப் பரிவர்த்தனைகள், மின்சாரம் திரும்பும்போது இல்லாமல் இருக்கும். தனிமனிதர் தன் கட்டுரையின் கடைசிப் பத்தியை இழப்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே இன்னொருவரிடம் உறுதி சொல்லியாகிவிட்டது. வேகம் வேண்டுமென்றால் அந்தப் பதிவேட்டை, மின்தேக்கிப் பாதுகாப்புள்ள ஒரு சிறிய எஸ்எஸ்டியில் தனியாக வையுங்கள்.

கேள்வி: எந்தெந்த அமைப்புகளைத் தளர்த்தினால் அபாயமின்றி வேகம் கிடைக்கும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் ‘நோஏடைம்’ அமைப்பால் தரவுக்கு எந்தக் கேடும் இல்லை. 2.6.30 கெர்னலிலிருந்து இதன் மிதமான வடிவமே லினக்ஸில் இயல்பாகவும் இருக்கிறது. எக்ஸ்ட்4-இன் ஜர்னல் பதிவு இடைவெளியை 5 நொடியிலிருந்து உயர்த்துவது, எஃப்சிங்க்கைச் சரியாகப் பயன்படுத்தும் செயலிகள் மட்டுமே ஓடும் கணினியில் ஏற்கத்தக்கது. வட்டுக்கு ஃபிளஷ் கட்டளை அனுப்புவதை நிறுத்தும் ‘நோபேரியர்’ அமைப்பைத் தொடாதீர்கள். அது கோப்பு முறைமையின் கட்டமைப்பையே பணயம் வைக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் அந்த வசதியையே நீக்கிவிட்டது.

வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வரில் ‘ஏசிங்க்’ அமைப்பையும் தவிருங்கள். அதில் சர்வர் வட்டில் எழுதாமலே எழுதியதாகச் சொல்கிறது. சர்வர் நின்று திரும்பினால், தன் தரவு போனது வாடிக்கைக் கணினிக்குத் தெரியவே தெரியாது. 1995-இல் வரையறுக்கப்பட்ட என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு இதற்கு நேர்மையான மாற்றைத் தந்திருக்கிறது. வாடிக்கைக் கணினி எழுத்துகளை விரைவாக அனுப்பிக்கொண்டே போகலாம்; ஆனால் ‘கமிட்’ என்ற அழைப்புக்குச் சர்வர் விடை சொல்லும் வரை தன்னிடமுள்ள பிரதியைக் கைவிடாது. சர்வர் தன் விடைகளோடு ஓர் அடையாள எண்ணையும் அனுப்புகிறது. நடுவில் அது மறுதொடக்கம் ஆகியிருந்தால் அந்த எண் மாறிவிடும், வாடிக்கைக் கணினி அதைக் கண்டு எல்லாவற்றையும் திரும்ப அனுப்பும். தாமதப்படுத்தும் உரிமையும் உண்மை சொல்லும் கடமையும் ஒரே வடிவமைப்பில் சேர்ந்திருப்பதற்கு இதை மிக நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

கேள்வி: எங்கள் நிரலை இயங்கும்போதே பலமுறை வலிந்து நிறுத்திச் சோதித்தோம், தரவு ஒருமுறைகூட இழக்கப்படவில்லை. இது போதுமா? (மென்பொருள் சோதனையாளர்)

பதில்: போதாது. நிரலை மட்டும் நிறுத்தினால் பேஜ் கேஷில் உள்ளது அப்படியே இருக்கும். கெர்னல் அதை உரிய நேரத்தில் வட்டுக்கு அனுப்பிவிடும். எஃப்சிங்க் ஒன்றுகூட இல்லாத நிரலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். மெய்நிகர் கணினியை வலிந்து அணைப்பது ஒரு படி மேல். ஆனால் அடியிலுள்ள உண்மையான கணினியின் கேஷும் வட்டின் கேஷும் அங்கே உயிரோடு இருப்பதால் அதுவும் முழுச் சோதனை ஆகாது. 2014-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், வட்டை அடைந்திருக்கக்கூடிய எழுத்துகளின் வெவ்வேறு சேர்க்கைகளை முறையாக உருவாக்கிப் பார்த்து, பரவலாகப் பயன்பட்ட 11 மென்பொருள்களில் 60 பலவீனங்களைக் கண்டறிந்தார்கள். அவற்றில் புகழ்பெற்ற தரவுத்தளங்களும் இருந்தன.

உங்களால் செய்ய முடிந்தது இது. ஒரு கணினியில் நிரலை ஓடவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் கொடுத்து, ‘ஆயிற்று’ என்ற விடை வந்த எண்களை மட்டும் வலையமைப்பு வழியாக வேறொரு கணினியில் குறித்து வையுங்கள். பணிப் பளு மிகுந்த நேரத்தில் முதல் கணினியின் மின் இணைப்பை நேராகப் பிடுங்குங்கள். திரும்ப இயக்கியபின், மறு கணினியில் குறிக்கப்பட்ட எண்கள் யாவும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நிலைப்பாட்டில் பிழை. நடுவில் ஓர் எண் விடுபட்டு அதற்குப் பிந்தைய எண் இருந்தால் வரிசை ஒழுங்கில் பிழை. ஒருமுறை தேறியதோடு நிறுத்தாமல், வெவ்வேறு கணங்களில் பலமுறை பிடுங்கிப் பாருங்கள்; பயனர்களுக்குக் கொடுக்கவிருக்கும் அதே வகை வட்டில் செய்யுங்கள்.